ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய ஆபிஸ் பிசி வாங்கி கேமிங் மெஷின் ஆக்கினது: காசுக்கு வொர்த்தா?

முதல்லயே சொல்லிடறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்ல எல்லாம் சீப்பா கிடைக்கும்னு இன்னும் யாராவது நம்பிட்டு இருந்தா அந்த நம்பிக்கைய மவுண்ட் ரோட்லயே விட்டுட்டு உள்ள போங்க. புது பிராசசர், புது கிராபிக்ஸ் கார்டு, புது எஸ்எஸ்டி எல்லாமே ஆன்லைன்ல என்ன ரேட்டோ ஏறக்குறைய அதேதான் அங்கயும், சில ஐட்டத்துக்கு ஐநூறு ஆயிரம் கூடவே சொல்றாங்க, பேரம் பேசினா ஆன்லைன் ரேட்டு வரைக்கும் வந்து நிப்பாங்க, அதுக்கு கீழ இறங்க மாட்டாங்க. அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல அங்க போகணும்னா ஒரே ஒரு காரணம்தான், செகண்ட் ஹேண்ட் சாமான கண்ணு முன்னாடி ஓடவிட்டு பாத்துட்டு காசு குடுக்கலாம். ஆன்லைன்ல முகம் தெரியாத ஆளுகிட்ட ஜிபே பண்ணிட்டு பார்சல் எப்ப வரும், வந்தா உள்ள கார்டு இருக்குமா செங்கல் இருக்குமான்னு வயித்துல நெருப்ப கட்டிட்டு உக்காந்திருக்க வேணாம். அந்த ஒண்ணுக்காகத்தான் நான் போனேன், அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் இந்த மார்க்கெட்டுக்கு என்னோட ஃபுல் மார்க்.

நான் வாங்கினது இதுதான். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060 டவர் ஒண்ணு, உள்ள இன்டெல் ஐ5 8500, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, இதுக்கு 15,500 ரூபா. செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு 12,000. புது எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) 3,800, கனெக்டர் கேபிள் 450. ஆக மொத்தம் 31,750 ரூபா. மானிட்டர் மட்டும் புதுசா 24 இஞ்ச் 1080பி ஐபிஎஸ் ஒண்ணு எடுத்தேன், அது தனி கணக்கு, எல்லாம் சேத்து 40,000 சுத்தி வருது. இந்த விலையெல்லாம் என் பேரத்துக்கு படிஞ்சது, நீங்க போறப்ப கடைக்கு கடை, வாரத்துக்கு வாரம் மாறும், அதுவும் ரேம் விலை இப்ப இருக்கற நிலைமைல (அதுக்கு கடைசில வரேன்) சுத்தமா வேற மாதிரி இருக்கும்.

போறவங்க பைக்க எடுத்துட்டு போகாதீங்க ப்ளீஸ். பார்க்கிங் தேடறதுலயே பாதி எனர்ஜி போயிடும், மெட்ரோல வந்து அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்து போற தூரம்தான், சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இருந்தும் நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை போனா முக்கால்வாசி ஷட்டர் மூடியிருக்கும். உள்ள நுழைஞ்ச உடனே "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா, டிஸ்ப்ளே மாத்தணுமா"ன்னு நாலு பேர் கூடவே வருவாங்க, அவங்க கூட்டிட்டு போற கடைக்கு போனா அவங்க கமிஷனும் உங்க தலைலதான் விழும், சிரிச்சிட்டே நடந்துடுங்க. பேரு ரிச்சி ஸ்ட்ரீட்டுன்னாலும் நல்ல பழைய சாமான் கடைங்க நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு பக்கமெல்லாம் மாடில ஒளிஞ்சிருக்கு, ஒராள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, மேல போனா ஒரு ரூம் முழுக்க ஒரே மாதிரி கருப்பு சிபியு தரைல இருந்து கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாங்க. கம்பெனிங்க மூணு நாலு வருஷம் லீஸ்ல ஓட்டிட்டு கழிச்சு விடற மெஷினுங்க இதெல்லாம். பக்கவாட்டுல அசெட் டேக் ஸ்டிக்கர கிழிச்ச தடம் அப்படியே இருக்கும்.

இப்ப ஏன் ஐ5 8500, அதாவது இன்டெல் 8வது ஜெனரேஷன் (சுருக்கமா ஜென்) பிராசசர்னு கேப்பீங்க. 6வது ஜென், 7வது ஜென் மெஷினெல்லாம் அதவிட நாலஞ்சாயிரம் கம்மியா கொட்டி கிடக்கு, கடைக்காரரும் "ப்ரோ இதுவும் ஐ5தான், அதுவும் ஐ5தான், எதுக்கு வேஸ்ட்டா காசு குடுக்கறீங்க"ன்னு ஆரம்பிப்பார். மேட்டர் என்னன்னா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11 அஃபிஷியலா ஏத்துக்கறது இன்டெல்ல 8வது ஜென்ல இருந்துதான். அதனால கம்பெனிங்க பழசெல்லாம் மொத்தமா தூக்கிப் போட, 7வது ஜென் வரைக்கும் விலை சரிஞ்சுது, 8வது ஜென் மட்டும் கெத்தா நிக்குது. இன்னொண்ணு, 7வது ஜென் ஐ5ல நாலு கோர், 8வது ஜென் ஐ5ல ஆறு கோர். கேம் ஆடறதுக்கு அந்த ரெண்டு கோர் பெரிய வித்தியாசம். வேலொரன்ட் ஆடற பசங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு, விண்டோஸ் 11ல அந்த கேமோட ஆன்டி சீட்டு (ஏமாத்தி ஆடறவங்கள பிடிக்கற சாஃப்ட்வேர்) டிபிஎம் 2.0, செக்யூர் பூட்டுன்னு ரெண்டு செக்யூரிட்டி வசதியும் கேக்கும், அது ரெண்டும் இந்த ஆபிஸ் மெஷின்ல ஏற்கனவே இருக்கு. கம்பெனி ஐடி டிபார்ட்மென்ட்டுக்காக வச்சது, நமக்கு கேமுக்கு உதவுது.

வாங்கறதுக்கு முன்னாடி அங்கயே ஆன் பண்ண சொல்லி எஃப்2 அடிச்சு பயாஸ் (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்) உள்ள போங்க. பாஸ்வேர்டு கேட்டா அந்த மெஷின அப்படியே திருப்பி வச்சிடுங்க, பழைய கம்பெனி போட்ட அட்மின் பாஸ்வேர்டு அது, "அத எடுத்து குடுத்துடறோம் சார், நாளைக்கு வாங்க"ன்னு சொல்வாங்க, அதே மாடல் பத்து அடுக்கி வச்சிருக்கும்போது நமக்கு எதுக்கு அந்த வேலை, அடுத்தத எடுக்க சொல்லுங்க. விண்டோஸ் போட்டு தர 500 ரூபா 800 ரூபான்னு கேப்பாங்க, அதுவும் தேவையில்ல, இந்த மாதிரி பிராண்டட் மெஷின்ல பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ கீ பயாஸ்லயே பதிஞ்சிருக்கும், மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து பென் டிரைவ்ல இறக்கி நீங்களே இன்ஸ்டால் பண்ணா தானா ஆக்டிவேட் ஆயிடும். எனக்கு ஆச்சு. கடைல போட்டு தர விண்டோஸ்ல என்ன கிராக் ஸ்கிரிப்ட் ஓட்டியிருக்காங்கன்னு யாருக்கு தெரியும், அதுல போய் பேங்க் லாகின் பண்ணுவீங்க.

அடுத்து சைஸ். டேபிள்ல அழகா படுக்கற மாதிரி ஒல்லி மாடல் ஒண்ணு வரும், விலையும் ஆயிரம் ரூபா கம்மி, பாக்கவும் சூப்பரா இருக்கும். கேமிங்குக்கு அத தொடாதீங்க. அதுல பாதி உயரம் இருக்கற லோ ப்ரொஃபைல் கார்டுதான் போகும், தனி பவர் ஒயரும் கிடையாது, பிசிஐ ஸ்லாட்டு குடுக்கற 75 வாட்டுக்குள்ளயே ஓடணும், அப்படின்னா ஜிடிஎக்ஸ் 1650 லோ ப்ரொஃபைல் மாதிரி ஏதாவது ஒண்ணுக்கு நாயா அலையணும், கிடைச்சாலும் அது சின்னதா இருக்கற ஒரே காரணத்துக்காக எக்ஸ்ட்ரா காசு கேப்பான். டவர் மாடல்தான் நமக்கு. ஆனா அதுலயும் ஒரு ஆப்பு இருக்கு, டெல் போர்டுல வழக்கமான 24 பின் கனெக்டர் கிடையாது, அவங்க சொந்த கனெக்டர், கூட வர எஸ்எம்பிஎஸ் 260 வாட்டுதான், கிராபிக்ஸ் கார்டுக்கு 8 பின் ஒயரும் வராது. இதுக்கு 24 பின்ல இருந்து டெல்லுக்கு மாத்தற கேபிள் அதே தெருல கிடைக்குது, பெரிய கடைல கேட்டா முழிப்பாங்க, ஒயரும் அடாப்டரும் கொத்து கொத்தா தொங்கவிட்டிருக்கற சின்ன கடைல போட்டோ காட்டி கேளுங்க, டக்குனு எடுத்து குடுப்பாங்க. எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் புதுசா, நல்ல பிராண்டா, பில்லோட வாங்குங்க, இதுல கஞ்சத்தனம் வேணவே வேணாம், அது புடுங்கிட்டா மத்ததையும் சேத்து கூட்டிட்டு போகும். கேபினெட்ட கையோட தூக்கிட்டு போய் உக்காருதான்னு வச்சு பாத்துட்டு காசு குடுங்க, எனக்கு நாலு ஸ்க்ரூ ஓட்டைல ரெண்டுதான் நேரா சேந்துச்சு, ஆனா ஆடாம நிக்குது, போதும்.

சரி மெயின் பிக்சர், கிராபிக்ஸ் கார்டு. இங்கதான் ரிச்சி ஸ்ட்ரீட்டோட நல்லதும் கெட்டதும் ரெண்டும் ஒரே நாள்ல பாக்கலாம்.

நான் ஏறின முதல் கடைல ஆர்எக்ஸ் 580 8 ஜிபி ஒண்ணு காட்டினாங்க, டப்பா கிடையாது, துடைச்சு பளபளன்னு இருந்துச்சு, ரேட்டும் ஆசைய கிளப்பற ரேட்டு. என் பென் டிரைவ்ல ஜிபியு-இசட் (கார்டோட உண்மையான விவரத்த காட்டற சாஃப்ட்வேர்) வச்சிருந்தேன், போட்டு பாத்தா ஷேடர், அதாவது கார்டுக்குள்ள கணக்கு போடற யூனிட்டு, 2048னு காட்டுது. ஒரிஜினல் 580க்கு 2304 இருக்கணும். இது சைனா மார்க்கெட்டுக்குன்னு வந்த குறைஞ்ச வெர்ஷன், பேரு மட்டும் அதே பேரு. சொன்னா கடைக்காரர் கோவப்படவும் இல்ல, கூச்சப்படவும் இல்ல, "அதெல்லாம் கேமுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க ஆரம்பிச்சிட்டார். இதாவது பரவால்ல, பத்து வருஷத்துக்கு மேல பழசான கார்டோட பயாஸ மாத்தி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐன்னு விக்கற கூத்தெல்லாம் இருக்கு, அத ஜிபியு-இசட்லயே பேருக்கு முன்னாடி ஃபேக்னு போட்டு காட்டிடும். அதனால பென் டிரைவ் இல்லாம இந்த தெருவுக்குள்ள கால் வைக்காதீங்க. ஜிபியு-இசட், கார்ட முழு லோடுல ஓட்டி டெஸ்ட் பண்ற ஃபர்மார்க், எஸ்எஸ்டி ஹெல்த் காட்டற கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, இந்த மூணும் ஃப்ரீதான், எம்பி கணக்குல சின்ன சைஸ்தான்.

கடைசில வாங்கின கடைல டெஸ்ட் பண்ணது பாக்கவே செம. கேபினெட் எல்லாம் கிடையாது, மேஜை மேல ஒரு அட்டை, அட்டை மேல ஒரு மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் பக்கத்துல படுத்திருக்கு. பவர் ஸ்விட்ச் கூட இல்ல, அங்க வேலை பாக்கற பையன் ஸ்க்ரூடிரைவர் முனைய போர்டுல இருக்கற ரெண்டு பின்னுல லேசா தொட்டான், ஃபேன் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பாக்காமலேயே தொட்டான், கண்ணு மொபைல்ல இருந்துச்சு. நான் ஃபர்மார்க் போட்டு பதினஞ்சு நிமிஷம் ஓடட்டும்னு சொன்னேன், பையன் என்ன ஒரு மாதிரி பாத்தான், ஆனா விட்டான். அந்த ரூம்ல ஏசி கிடையாது, அந்த வெக்கைல டெம்பரேச்சர் ஏறி ஒரு இடத்துல நின்னுச்சு, ஸ்கிரீன்ல புள்ளி கோடு எதுவும் வரல, ஃபேன்ல கரகரன்னு சத்தம் இல்ல. ஏசி ஷோரூம்ல டெஸ்ட் பண்றதவிட இது எவ்வளவோ நம்பகமான டெஸ்ட்டு, நம்ம வீட்டு மே மாசமும் அப்படித்தானே இருக்கும். கார்ட திருப்பி பாத்தப்ப ஸ்க்ரூ மேல இருந்த ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்துச்சு, அதாவது ஒருதடவை திறந்திருக்காங்க, கேட்டேன், "பேஸ்ட் மாத்தினோம் ப்ரோ"ன்னாங்க, அதுக்காக ஐநூறு குறைச்சேன்.

"மைனிங்ல ஓடின கார்டா"ன்னு, அதாவது கிரிப்டோ காயின் எடுக்க ராப்பகலா ஓட்டின கார்டான்னு கேட்டா எல்லா கடைலயும் ஒரே பதில்தான், "இல்ல ப்ரோ, ஆபிஸ் யூஸ்." எந்த ஆபிஸ்ல ஆர்எக்ஸ் 6600 போட்டு எக்ஸெல் ஓட்டறாங்கன்னு எனக்கு தெரியல. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கற கிரிப்டோ காயின் கிராபிக்ஸ் கார்டு மைனிங்க விட்டு வெளிய வந்தப்ப உலகம் பூரா கார்டுங்க மார்க்கெட்ல வந்து விழுந்துச்சு, அதுல கொஞ்சம் இன்னும் கை மாறிட்டேதான் இருக்கு. என்ன கேட்டா மைனிங் கார்டுன்னா ஓடிப்போக வேணாம். பெரும்பாலும் அடிவாங்கறது ஃபேனும் தெர்மல் பேடும் (சூட்ட கடத்தற பட்டை)தான், ரெண்டுமே அதே தெருல மாத்தலாம். டெஸ்ட்ல பாஸ் ஆச்சா, விலை சரியா, அவ்வளவுதான் நமக்கு.

ஸ்டீம்ங்கற ஆன்லைன் பிசி கேம் ஸ்டோர்ல கேம் வாங்கினா 14 நாளைக்குள்ள, 2 மணி நேரத்துக்குள்ள ஆடி பாத்து பிடிக்கலன்னா காசு வாபஸ். ரிச்சி ஸ்ட்ரீட்ல அந்த மேஜை முன்னாடி நிக்கற பதினஞ்சு நிமிஷம்தான் உங்க ரிஃபண்ட் பாலிசி. அதுக்கப்புறம் "டெஸ்டிங் வாரண்டி" ஏழு நாள், பத்து நாள்னு விசிட்டிங் கார்டு பின்னாடி பேனால எழுதி குடுப்பாங்க. காசா திருப்பி தர மாட்டாங்க, வேற பீஸ் மாத்தி தருவாங்க, அதுவும் ஸ்டாக் இருந்தா. "பில் வேணுமா வேணாமா"ன்னு ஒரு கேள்வி வரும், வேணும்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி மேல ஏறும்னு சொல்வாங்க. புது சாமானுக்கு கண்ண மூடிட்டு பில் வாங்குங்க, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பில் இல்லன்னா வாரண்டி கேட்டு அலையணும். பிராசசர் வாங்கறவங்க ட்ரே பீஸா (கம்பெனி டப்பா இல்லாம வரது) பாக்ஸ் பீஸான்னும் கேளுங்க, ட்ரே பீஸ் ஆயிரம் ரெண்டாயிரம் கம்மியா இருக்கும், ஆனா பாக்ஸுக்கு வர மூணு வருஷ கம்பெனி வாரண்டி அதுக்கு வராது, கடைக்காரர் வாய் வாரண்டிதான்.

பெர்ஃபாமன்ஸ் எப்படின்னு பாத்தா, ஆர்எக்ஸ் 6600 1080பிக்குன்னே பொறந்த கார்டு. 8 ஜிபி மெமரி, 132 வாட்டுதான் இழுக்கும். இது போர்டோட பேசற பிசிஐ 4.0 ஸ்லாட்டுல எட்டு லேன் (டேட்டா போற பாதை)தான் யூஸ் பண்ணும், நம்ம பழைய போர்டு 3.0ங்கறதால பாதி அகலத்துல ஓடுது, பேப்பர்ல பாத்தா பயமா இருக்கும், ஆடும்போது பெருசா தெரியல. சைபர்பங்க் 2077 மீடியம் ஹை கலந்து வச்சா செகண்டுக்கு 60 ஃபிரேம் பக்கத்துல ஓடுது, ஆனா கூட்டம் நிறைய இருக்கற மார்க்கெட் ஏரியாக்குள்ள வண்டிய விட்டா திக்கும், அது கார்டோட தப்பு இல்ல, ஐ5 8500ல ஆறு கோர் இருந்தும் ஹைப்பர் திரெட்டிங் (ஒரு கோர் ரெண்டு வேலைய சேத்து பாக்கறது) இல்ல, சிபியு நூறு பர்சன்ட்ல நிக்குது. செட்டிங்ஸ்ல க்ரவுட் டென்சிட்டிய குறைச்சா சரியாயிடும். எல்டன் ரிங் எப்படியும் 60க்கு மேல போகாது, கேமே அங்க பூட்டி வச்சிருக்கு, அதனால நம்ம மெஷினும் காஸ்ட்லி மெஷினும் அங்க ஒண்ணுதான் (இத சொல்லி ஃப்ரெண்ட வெறுப்பேத்தினேன், அவன் ஒன்றரை லட்சம் போட்டிருக்கான்). கவுண்டர் ஸ்ட்ரைக் 2 தாராளமா ஆடலாம், அத பண்ண வால்வ் கம்பெனிக்கு சென்னைலயே சர்வர் இருக்கறதால நம்ம ஊர்க்காரங்களுக்கு பிங் (சர்வருக்கு போயிட்டு வர நேரம்) விஷயத்துல ராஜயோகம், டெல்லி பசங்க பொறாமைப்படறாங்க. ஹாலோ நைட், ஸ்டார்டியூ வேலி மாதிரி கேமுக்கெல்லாம் கிராபிக்ஸ் கார்டே வேணாம், அந்த 15,500 ரூபா மெஷின் அப்படியே ஓட்டும். சின்ன பசங்களுக்கு வாங்கறவங்க கார்ட அப்புறம் பாத்துக்கலாம்.

"இவ்வளவு கஷ்டத்துக்கு பிஎஸ்5 வாங்கிடலாமே"ன்னு கேக்கறவங்களுக்குத்தான் இந்த பாரா. சோனியோட கேம் கன்சோல் பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரில வந்தப்ப டிஸ்க் மாடல் 49,990. அமெரிக்கால அது 499 டாலர், அன்னைக்கு டாலர் ரேட்டுக்கு முப்பத்தாறாயிரம் சொச்சம்தான், மீதி பூரா டேக்ஸும் இறக்குமதி செலவும். அப்புறம் அது 54,990 ஆச்சு. வழக்கமா எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வருஷம் ஆக ஆக விலை குறையும், இதுவோ வயசாக ஆக ஏறிட்டு போகுது. சரி பெட்டிய வாங்கிட்டோம்னு வைங்க, அதுக்கு வர பெரிய கேம் ஒண்ணு 4,999 ரூபா. நாலு கேம் வாங்கினா இருபதாயிரம், நான் கார்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்கின காசு அங்க காலி. டிஸ்க் மாடல்னா ஆடி முடிச்சு வித்துடலாம், எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம், அது உண்மையிலேயே நல்ல வழி, அப்படி ஆடறவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் மாடல விலை கம்மின்னு வாங்கறவங்கள பாத்தாத்தான் பாவமா இருக்கு, ஆயுசு முழுக்க ஒரே ஸ்டோர்ல அவங்க சொல்ற விலைதான்.

பிசில கதை தலைகீழ். சாமான் விலை நமக்கு அமெரிக்காவவிட அதிகம், ஆனா கேம் விலை கம்மி. ஸ்டீம்ல 2015 நவம்பர்ல ரூபா விலை வந்துச்சு, அதுக்கு முன்னாடி டாலர்தான், இன்டர்நேஷனல் கார்டு வேணும், காலேஜ் பையன் எங்க போவான், பர்மா பஜார்ல போய் சிடி வாங்குவான், இல்லன்னா டோரன்ட். இப்ப யுபிஐல ஸ்கேன் பண்ணா முடிஞ்சுது. சைபர்பங்க் அமெரிக்கால 60 டாலர், டாலர் 90 ரூபான்னு வச்சா 5,400, நம்ம ஸ்டீம்ல அதோட ஃபுல் ரேட்டு 2,999. அதையும் யாரு ஃபுல் ரேட்டுல வாங்கறா, சம்மர் சேல் விண்டர் சேல்ல பாதிக்கும் கீழ வந்துடுது. எல்லா கம்பெனியும் இப்படி இல்ல, சில பேர் டாலர் விலைய அப்படியே ரூபால பெருக்கி போட்டுட்டு போறாங்க, அந்த மாதிரி கேம நான் விஷ்லிஸ்ட்ல போட்டு ரெண்டு வருஷம் காயப்போட்டுடறேன். ஆடாம விட்ட கேம் என்கிட்ட அவ்வளவு இருக்கு, எபிக் ஸ்டோர்ல வாராவாரம் ஃப்ரீயா வேற தராங்க, 2020ல ஜிடிஏ 5வே ஃப்ரீயா குடுத்தாங்க. மைக்ரோசாஃப்ட்டோட மாச சந்தா கேம் பாஸ் நல்ல டீலா இருந்துச்சு, 2025 அக்டோபர்ல அல்டிமேட்ட மாசம் 829ல இருந்து 1,389 ஆக்கினாங்க, கேன்சல் பண்ணிட்டு அந்த காச சேலுக்கு ஒதுக்கிட்டேன்.

அதனால என் கணக்கு சிம்பிள். நம்ம ஊர்ல ஹார்டுவேர்லதான் வரி தின்னுது, அங்க பழசா வாங்கி மிச்சம் பிடிக்கணும், சாஃப்ட்வேர்ல நமக்கு சாதகம், அங்க தாராளமா இருக்கலாம். கன்சோல் இதுக்கு நேர் எதிர்.

கரண்ட் பில்லு பத்தி வீட்ல கேப்பாங்க, பதில் ரெடியா வச்சுக்கங்க. கேம் ஆடும்போது மானிட்டரோட சேத்து 240 வாட் வச்சுக்கலாம், தினம் மூணு மணி நேரம் ஆடினா ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட் சொச்சம். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருதடவை ரீடிங், ஏற்கனவே 480 யூனிட் ஓடற வீடுன்னா இந்த 43 சேந்து 500ஐ தாண்டி ஸ்லாபே மாறிடும், அம்மா திட்டினா அதுல நியாயம் இருக்கு. ஆனா உண்மைய சொல்லணும்னா பிசியவிட அது கிளப்பற சூட்டுக்காக போடற ஏசிதான் மீட்டர ஓட்டுது. யுபிஎஸ் ஒண்ணு கண்டிப்பா போடுங்க, 600 விஏ போதும், அதுல ஆடறதுக்கு இல்ல, சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ண நாலு நிமிஷம் கிடைச்சா போதும்.

மைனஸ்னு பாத்தா, முன்னாடி ஒரு யுஎஸ்பி போர்ட்டு லூசா இருக்கு, அங்க செக் பண்ணப்ப ஆள் வேற போர்ட்ல சொருகி காட்டிட்டார், வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது, ஒரு யுஎஸ்பி போர்ட்டுக்காக யாரு திரும்ப போறது. கேபினெட் பாக்க பேங்க் கவுண்டர்ல இருக்கற மாதிரிதான் இருக்கு, லைட்டு கண்ணாடி எல்லாம் எதிர்பாக்காதீங்க. 256 ஜிபி எஸ்எஸ்டி ரெண்டு பெரிய கேமுக்கே நிரம்பிடுச்சு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல பாத்தப்ப அது ஓடின மணி நேரம் ஐந்திலக்கத்துல இருந்துச்சு, ஹெல்த் நல்லா காட்டுது, ஆனாலும் முக்கியமான ஃபைல் எதையும் அதுல வைக்கல.

இப்ப ரேம் கதை. 2025 கடைசில இருந்து ரேம் விலை ராக்கெட் மாதிரி ஏறுது. ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி வேணும்னு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூணு பேரும் ஃபேக்டரிய அந்த பக்கம் திருப்பிட்டாங்க, மைக்ரான் 2025 டிசம்பர்ல அவங்க க்ரூஷியல் பிராண்டையே மூடறேன்னு அறிவிச்சிட்டாங்க, நம்ம எத்தன பேர் வீட்ல அந்த க்ரூஷியல் ரேம் குச்சி இருக்கு. டிடிஆர்4 பழசுதானே தப்பிச்சிடும்னு நினைச்சா அதையும் தயாரிக்கறத குறைச்சிட்டதால அதுவும் ஏறுது. இதோட எஃபெக்ட் ரிச்சி ஸ்ட்ரீட்ல உடனே தெரியுது, இப்ப ஆபிஸ் பிசி விலை கேட்டா "ரேமோடவா ரேம் இல்லாமலா"ன்னு எதிர்க்கேள்வி கேக்கறாங்க, ரெண்டு குச்சி இருந்த மெஷின்ல ஒண்ண உருவிட்டு 8 ஜிபின்னு விக்கறாங்க. அதனால மூடின கேபினெட்ட நம்பாதீங்க, திறந்து எத்தன குச்சி இருக்குன்னு எண்ணி பாத்துட்டு, பில்லு போட்டு மூடற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க.

நானும் 16 பத்தல, 32 ஆக்கிடலாம்னு அதே கடைக்கு போய் இன்னும் ரெண்டு 8 ஜிபி குச்சி கேட்டேன். அவர் சொன்ன விலை நான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு குடுத்ததவிட ரெண்டு மடங்குக்கு மேல. என்னண்ணே இப்படி சொல்றீங்கன்னு கேட்டதுக்கு கால்குலேட்டர எடுத்து ஏதோ தட்டிட்டு, "தம்பி, அன்னைக்கு நீங்க எடுத்த மெஷின்ல ரெண்டு குச்சி இருந்துச்சில்ல, அத குடுக்கறீங்களா, நல்ல ரேட்டு போட்டு தரேன்"ன்னார்.